உறுதிமொழிப் பக்கத்தில் ஒப்பமிடுமுன்: மாத்தளை மாவட்டக் கலாநிதிப் பட்ட ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாத்தளை மாவட்டத்தில் வாழ்ந்துகொண்டோ, இம்மாவட்டத்தைக் களமாகக் கொண்டோ கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவுசெய்திருக்கும் ஆசிரியர்கள், அதிபர்கள், அரச உத்தியோகத்தர்கள், விரிவுரையாளர்கள் ஆகியோரின் மேலான கவனத்துக்கு,

கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வு என்பது, இதுவரை விடை காணப்படாத வினா ஒன்றை ஒருவர் தாமே எழுப்பி, அதற்குரிய சான்றுகளைத் தாமே திரட்டி, அச்சான்றுகளிலிருந்து தாமே ஒரு முடிபுக்கு வந்து, அம்முடிபைத் துறையறிந்த பரீட்சகர்கள் முன்னிலையில் தாமே நிலைநாட்டும் முயற்சியாகும். இலங்கையின் உயர்கல்வித் தகைமைகளைப் படிநிலைப்படுத்தும் தேசியத் தகைமைக் கட்டமைப்பு, இப்பட்டத்தைத் தன் 12 நிலைகளுள் இறுதியானதாக வைத்து, குறைந்தது மூன்று ஆண்டு முழுநேர ஆய்வையோ அதற்கு ஈடான பகுதிநேர ஆய்வையோ வேண்டி நிற்பதும் இக்காரணம் பற்றியே. இம்முயற்சியில், பல்கலைக்கழகம் நியமிக்கும் மேற்பார்வையாளருக்கு அப்பால், ஆய்வாளர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து அமர்த்திக்கொள்ளும் இன்னொருவரும் இப்போது இடம்பெறுகிறார். ஆய்வு முன்மொழிவை ஒழுங்குபடுத்துதல், வினாக்கொத்து அமைத்தல், தரவுகளைக் கணினியில் பகுத்தல், மொழியைச் செப்பனிடுதல், மேற்கோள்களை வரிசைப்படுத்துதல் என இவர் ஏற்கும் பணிகள் பலவாயினும், ஆய்வேட்டு ஆலோசகர் என்ற ஒரே பெயரே அவை யாவற்றுக்கும் வழங்குகிறது. அந்தப் பெயருக்குள் நேர்மையான தொழிலும் நேர்மையற்ற வணிகமும் ஒருங்கே குடியிருப்பதனாலேயே இம்மடல் எழுதப்படுகிறது.

இவ்விடயம் ஏனைய மாவட்டங்களைவிட மாத்தளைக்குச் சற்றுக் கூடுதலாகப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. கலாநிதிப் பட்டம் வழங்கும் அரச பல்கலைக்கழகம் எதுவும் இம்மாவட்டத்தில் இல்லை. மாத்தளை நகரில் இருப்பவருக்குக் கண்டி ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவிலும் பேராதனை அதற்குச் சற்று அப்பாலும் அமைந்திருப்பினும், லக்கலையிலோ வில்கமுவவிலோ கலேவெலவிலோ பணிபுரியும் ஒருவருக்கு மேற்பார்வையாளரைச் சந்தித்து மீள்வதென்பது ஒரு முழுநாள் வேலையாகும். தமிழ்மொழி மூலம் ஆய்வு செய்ய விரும்புவோர் பேராதனையோடு நின்றுவிடாமல் யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களையும், சிலர் கடல்கடந்து தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களையும் நாடுகின்றனர். மாத்தளையை ஊடறுக்கும் ஏ-9 வீதி யாழ்ப்பாணம் வரை நேராகச் செல்கிறது என்பது வரைபடத்தைப் பார்ப்பவருக்கு ஆறுதல் தரலாம்; வெள்ளிக்கிழமை பாடசாலை முடிந்து பேருந்து ஏறி, திங்கட்கிழமை காலை மீண்டும் வரவுப் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டியவருக்கு அது தராது. மேற்பார்வை தொலைவாகவும் அரிதாகவும் ஆகும்போது, தொலைபேசி எடுத்தவுடன் பதில் சொல்லும் ஒருவர் மீது நாட்டம் எழுவது இயல்பே. ஆலோசகரை நாடுவோர் யாவரும் சோம்பேறிகள் அல்லது ஏமாற்றுக்காரர்கள் என்ற எண்ணம் பல்கலைக்கழக வட்டாரங்களில் நிலவுவதாயின், அது நியாயமற்றது என்பதை முதலிலேயே கூறிவிட வேண்டும்.

உதவி பெறுவது குற்றமன்று. உதவியில்லாமல் எழுதப்பட்ட நல்ல ஆய்வேடு உலகில் இல்லை. அந்த உதவி ஆய்வாளரின் முடிவெடுக்கும் உரிமையைத் தொடாமல் நிற்கிறதா, அது எவரிடமிருந்து பெறப்பட்டது என்பதை வெளிப்படையாகச் சொல்ல முடிகிறதா என்பனவே கேட்கப்பட வேண்டியவை. பணம் கைமாறியதா என்பது இங்கு இரண்டாம்பட்சமானது. பணம் வாங்காத நண்பர் ஒருவர் ஓர் இயலை எழுதிக் கொடுப்பது பிழையே; பணம் வாங்கும் புள்ளிவிபரவியலாளர் ஒருவர் மாதிரி அளவைக் கணிக்கக் கற்றுக்கொடுப்பது பிழையன்று.

ஈழத்துத் தமிழ் ஆய்வுலகில் வழிகாட்டல் என்பதன் உயர்ந்த வடிவம் எதுவென்பதை அறிய விரும்புவோர், க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகிய இருவரும் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சன் என்பவரின் கீழ் ஆய்வு செய்த வரலாற்றை நினைத்துப் பார்க்கலாம். தொம்சன் கிரேக்க மொழிப் பேராசிரியர். தமிழ் அவருடைய புலமன்று. சங்கச் செய்யுள் ஒன்றின் பொருளை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவ்விருவருக்கும் இருந்திருக்க முடியாது. தொன்மையான வீரயுகப் பாடல்களையும் சடங்கிலிருந்து நாடகம் தோன்றியமையையும் சமூக அமைப்போடு இணைத்து நோக்கும் முறையை அவரிடமிருந்து பெற்று, அம்முறையைத் தமிழ்ச் சான்றுகளின் மீது பொருத்தும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டமையால், கைலாசபதியின் ஆய்வு தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூலாக 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் வெளிவந்தது. சிவத்தம்பியின் ஆய்வு பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய நூலாக 1981இல் வெளிவந்தது. முறையியல் ஒருவரிடமிருந்தும் சரக்கு இன்னொருவரிடமிருந்தும் வரலாம் என்பதற்கும், சரக்கு ஆய்வாளருடையதாக இருக்கும் வரை ஆய்வு அவருடையதே என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இன்றைய ஆலோசகர் சந்தையில் இந்த ஒழுங்கு பெரும்பாலும் தலைகீழாகிவிடுவதே கவலைக்குரியது: முறையையும் சரக்கையும் முடிபையும் ஆலோசகர் தர, ஆய்வாளர் பெயரை மட்டும் தருகிறார்.

ஆலோசகரின் உதவி மறுக்க முடியாத பயனைத் தரும் துறை புள்ளிவிபரவியலாகும். மாத்தளையில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆய்வு நிலையம் அமைந்திருப்பதாலும், மிளகு, சாதிக்காய், கறுவா, கொக்கோ ஆகியன இம்மாவட்டத்துத் தோட்டங்களிலும் வீட்டு வளவுகளிலும் பரவலாக விளைவதாலும், இப்பயிர்களைப் பற்றிய ஆய்வு இங்கு இயல்பாகவே முளைக்கிறது. மிளகுக்கொடி நட்டுக் குறிப்பிடத்தக்க விளைச்சலைத் தர மூன்றாண்டுகள் அளவில் ஆகும். இரண்டு பசளை முறைகளை ஒப்பிட விரும்பும் ஆய்வாளர் ஒருவர், சரிவின் மேற்பகுதியில் ஒரு முறையையும் கீழ்ப்பகுதியில் மற்றதையும் இட்டுவிட்டு, மூன்றாண்டுகள் காத்திருந்து அறுவடையை நிறுத்துப் பார்த்தாராயின், கண்ட வேறுபாடு பசளையால் வந்ததா, மண்ணின் ஈரத்தாலும் ஆழத்தாலும் வந்ததா என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நிலத்தைச் சரிவின் குறுக்கே தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் இரு முறைகளையும் குலுக்கல் முறையில் இட்டு, இதைப் பல தடவை மீளச்செய்வதே இதற்கான தீர்வு. இதனை எழுமாற்றுத் தொகுதி வடிவமைப்பு என்பர். புள்ளிவிபரவியலாளர் இந்த வடிவமைப்பைச் சொல்லித்தர வேண்டிய காலம் கொடி நடுவதற்கு முந்திய காலமாகும். நவீன சோதனை வடிவமைப்பின் முன்னோடியான றொனால்ட் ஃபிஷர், 1938இல் கல்கத்தாவில் நடைபெற்ற இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் தலைமையுரை ஆற்றியபோது, சோதனை முடிந்தபின் புள்ளியியலாளரை அழைப்பது பிரேத பரிசோதனைக்கு அழைப்பதற்கு ஒப்பானது என்ற பொருள்படப் பேசினார். மாத்தளையின் ஆய்வாளர்கள் ஆலோசகரை அழைக்கும் காலமோ பெரும்பாலும் அந்தப் பிரேத பரிசோதனைக் காலமாகவே இருக்கிறது.

இதன் விளைவு சமூகவியல், கல்வியியல் ஆய்வுகளில் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். வினாக்கொத்துகள் நிரப்பப்பட்டுக் கட்டுக்கட்டாக மேசையில் குவிந்தபின், அவற்றைப் பொதியாக ஓர் ஆலோசகரிடம் ஒப்படைத்து, எஸ்பிஎஸ்எஸ் என்ற மென்பொருள் வழியே வெளிவரும் அட்டவணைகளைப் பணம் கொடுத்துப் பெற்று, அவற்றின் கீழே ஆலோசகரே எழுதிய விளக்கத்தையும் ஒட்டிக்கொள்ளும் வழக்கம் அருகிவரவில்லை. இரு மாறிகளுக்கிடையில் தொடர்பு உண்டு என்று காட்டும் எண், ஒன்று மற்றதற்குக் காரணம் என்று காட்டாது என்ற அடிப்படை உண்மையை உணராதவர் அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு தோட்டப் பாடசாலை மாணவரின் இடைவிலகலுக்குக் காரணம் இதுவே எனத் துணிந்து எழுதுகிறார். அதையே பின்னர் வேறொருவர் மேற்கோள் காட்டுகிறார். மென்பொருளை இயக்கத் தெரியாமலிருப்பது குறையன்று. எந்தச் சோதனை ஏன் தெரிவுசெய்யப்பட்டது என்பதைத் தம் சொந்தச் சொற்களில் சொல்லத் தெரியாமலிருப்பதுதான் குறை.

எண்களைவிட ஆழமான சிக்கல் வாய்மொழிச் சான்றுகளில் எழுகிறது. இம்மாவட்டத்தின் ஆய்வு வளமும் பெரிதும் அங்கேயே உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர்கள் காட்டு வழியே கால்நடையாக வந்து மலைநாட்டுக்குள் நுழைந்த வாயில்களுள் மாத்தளை முதன்மையானது. வழியில் நோயாலும் பசியாலும் மடிந்தவர் பலர். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி, 1869இல் தோன்றிய இலைத்துரு நோய், கோப்பி அழிந்து தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் தலையெடுத்தமை, 1880இல் புகையிரதப் பாதை மாத்தளையை எட்டியமை, அண்மைக் காலத்தில் மொரகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காக லக்கலைப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தமை ஆகிய நிகழ்வுகள் ஆவணங்களில் ஒரு முகத்தோடும் குடும்ப நினைவுகளில் வேறொரு முகத்தோடும் உயிர்வாழ்கின்றன. ஆவணங்களைக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் எவரும் கேட்டுப் பார்க்கலாம். நினைவுகளைக் கேட்க முடிந்தவர், தோட்டத்து லயத்தின் திண்ணையில் அமர்ந்து தேநீர் அருந்தும் உரிமை பெற்றவர் மட்டுமே. மாத்தளையின் ஆய்வாளருக்கு இயல்பாக வாய்த்திருக்கும் இந்த உரிமை, கொழும்பிலோ சென்னையிலோ கணினி முன் அமர்ந்திருக்கும் ஆலோசகருக்கு எவ்வளவு கட்டணம் கொடுத்தாலும் வாய்க்காது.

அந்த உரிமையால் பெறப்பட்ட சான்று ஆலோசகரின் கைக்குப் போனபின் என்ன ஆகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒலிப்பதிவை எழுத்தாக்குபவர் தோட்டத்து முதியவரின் பேச்சை ஏட்டுத் தமிழாகத் திருத்துகிறார். ஆலோசகர் அதனைச் சுருக்குகிறார். பின்னர் ஆங்கிலத்தில் ஆக்கப்படுகையில் தயக்கமும் மௌனமும் முன்பின் முரணும் நீங்கி, நேர்த்தியான வாக்கியங்கள் மட்டும் எஞ்சுகின்றன. வாய்மொழி வரலாறு எனப்படும் ஆய்வு முறையில், ஒருவர் எதைச் சொல்லத் தயங்கினார், எந்த இடத்தில் பேச்சை மாற்றினார் என்பனவும் சான்றுகளே ஆதலால், இந்த நேர்த்தி உண்மையில் சான்றழிப்பாகும். மலரன்பன், மாத்தளை வடிவேலன், மாத்தளை சோமு, மாத்தளை கார்த்திகேசு முதலானோர் படைப்புகளில் இம்மண்ணின் பேச்சு எவ்வளவு கவனமாகக் கையாளப்பட்டிருக்கிறது என்பதை அறிந்த ஒருவர், அதே பேச்சு ஆய்வேட்டில் அடித்துத் துவைக்கப்படுவதைப் பொறுத்துக்கொள்வது கடினம்.

சான்றளித்தவரின் நம்பிக்கையும் இதில் அடங்கியிருக்கிறது. வில்கமுவப் பகுதியில் காரணம் இன்னதெனத் துணிய முடியாத நீண்டகாலச் சிறுநீரக நோய் பரவியிருப்பதால், அங்கு மருத்துவ ஆய்வுகளும் சமூக ஆய்வுகளும் நடைபெறுகின்றன. நோயுற்ற விவசாயி ஒருவர் ஒப்புதற் படிவத்தில் பெருவிரல் பதிப்பது தம் முன்னால் அமர்ந்திருக்கும் ஆய்வாளரை நம்பியேயன்றி, அவர் முகம் அறியாத ஓர் ஆலோசகரை நம்பியன்று. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவுகளைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய சிறப்பு வகையாகக் கொள்கிறது. பெயரும் முகவரியும் நீக்கப்படாத தரவுக் கோப்பை மின்னஞ்சலில் ஆலோசகருக்கு அனுப்பிவைப்பது, ஒழுக்கநெறிக் குழுவுக்குக் கொடுத்த வாக்கையும் மீறுவதாகும். அங்கு சிங்களம் பேசுவோரிடம் சான்று திரட்டும் தமிழ் ஆய்வாளர் அமர்த்திக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளரும் ஒருவகையில் ஆலோசகரே. அவர் யார், எவ்வூரவர், எம்முறையில் மொழிபெயர்த்தார் என்பன முறையியல் இயலில் இடம்பெற வேண்டிய செய்திகள். நன்றியுரையில் ஒரு வரியோடு அவரைக் கடந்துவிடுவது போதாது.

மொழிச் செப்பனிடுதல் பற்றியும் சில கூற வேண்டியுள்ளது. தமிழ்மொழி மூலம் பட்டம் பெற்ற பலர் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதும் கட்டாயத்துக்கு உள்ளாகின்றனர். ஆங்கிலம் கைவராமையைச் சிந்தனை கைவராமையாகக் கருதும் பரீட்சகர்களும் இல்லாமலில்லை. எனவே செப்பனிடுவோரை நாடுவது இன்றியமையாததாகிறது. அவுஸ்திரேலியாவில் தொழில்முறைப் பதிப்பாசிரியர்களின் நிறுவனம், பட்டப்பின் படிப்புகளுக்குப் பொறுப்பானவர்களோடு கலந்து ஆய்வேடுகளுக்கெனத் தனி வழிகாட்டலை வகுத்திருக்கிறது. அதன்படி பதிப்பாசிரியர் எழுத்து, இலக்கணம், சொல்லொழுங்கு, நிறுத்தக்குறி, மேற்கோள் வடிவம் ஆகியவற்றைத் திருத்தலாம். வாதத்தின் கட்டமைப்பையோ உள்ளடக்கத்தையோ மாற்றி எழுதலாகாது. அவருடைய பெயரும் பணியின் அளவும் ஆய்வேட்டிலேயே குறிக்கப்பட வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகங்கள் இவ்வாறான ஒரு தெளிவான எல்லையைத் தத்தம் பட்டப்பின் படிப்பு ஒழுங்குவிதிகளில் எழுதிவைத்து, ஆய்வாளரின் கையில் முதல்நாளே கொடுப்பது அரிய காரியமன்று.

எழுதுபவர் வேறு, உரியவர் வேறு என்ற நிலை இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. மாத்தளை நகருக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபய மன்னன் காலத்தில், அதுவரை மனனமாகப் பேணப்பட்டுவந்த பாளி மொழித் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டதாகப் பௌத்த மரபு கூறுகிறது. அங்கே எழுத்தாணி பிடித்தவர் எவரும் நூலுக்கு உரிமை கோரவில்லை. மனனமாகக் காத்தவர்களும் அதனைத் தம் படைப்பென்று சொல்லவில்லை. யாருடைய வாக்கு, யாருடைய கை என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது. மறைப்பு இல்லாத இடத்தில் கை மாறினாலும் களவு இல்லை.

ஆலோசனை என்ற பெயரில் இயல்களையும், சில வேளைகளில் முழு ஆய்வேட்டையும் எழுதிக்கொடுக்கும் வணிகத்தில் இருப்பது மறைப்பே. பிறர் எழுத்தைத் தம்முடையதெனக் காட்டும் இச்செயலைக் கண்டுபிடிக்க, எழுத்து ஒப்புமையை அளக்கும் மென்பொருள் போதும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட ஒழுங்குவிதிகள், ஆய்வேட்டில் ஒப்புமை 10 சதவீதத்தைக் கடந்தால் திருத்தி மீளச் சமர்ப்பித்தல், 40 சதவீதத்தைக் கடந்தால் ஓராண்டுத் தடை, 60 சதவீதத்தைக் கடந்தால் பதிவு நீக்கம் எனப் படிப்படியான தண்டனைகளை விதிக்கின்றன. தமிழ்நாட்டில் பதிவுசெய்திருக்கும் மாத்தளை ஆய்வாளர்களையும் இவ்விதிகள் கட்டுப்படுத்துகின்றன. ஆயின் இம்மென்பொருள் அளப்பது ஏற்கெனவே எழுதப்பட்டதோடு உள்ள ஒப்புமையையே. கூலிக்குப் புதிதாக எழுதப்பட்ட இயலுக்கு முன்மாதிரி எதுவும் இல்லாதபடியால், அது மிகத் தூய்மையானதென்ற சான்றிதழுடன் வெளியே வருகிறது. ஒப்புமை குறைவு என்று ஆலோசகர் உறுதியளிப்பது நேர்மைக்கான உறுதியன்று. பல வேளைகளில் அதற்கு நேர்மாறானதன் விளம்பரம் அது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்தபின், இல்லாத நூல்களும் எழுதப்படாத கட்டுரைகளும் உசாத்துணைப் பட்டியலில் ஏறும் ஆபத்தும் இதனோடு சேர்ந்துகொண்டுள்ளது. ஆலோசகர் அனுப்பிய பட்டியலில் உள்ள ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்துப் பாராத ஆய்வாளர், தாம் காணாத சாட்சியை மன்றுக்கு அழைத்தவராகிறார்.

வெளிநாடுகள் இவ்வணிகத்தை எவ்வாறு நோக்குகின்றன என்பதற்குச் சில செய்திகள் போதும். ஜேர்மனியில், கலாநிதிப் பட்டம் நாடுவோருக்கு மேற்பார்வையாளரைத் தேடித்தருவதாகக் கட்டணம் வாங்கிய ஆலோசனை நிறுவனம் ஒன்றிடமிருந்து பணம் பெற்றுத் தகுதி குறைந்தோரை மாணவராக ஏற்ற ஹனோவர் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஒருவருக்கு 2008இல் ஹில்டஸ்ஹைம் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. இலஞ்சம் கொடுத்த நிறுவனத்தின் தலைவரும் சிறை சென்றார். அவுஸ்திரேலியா 2020இலும் இங்கிலாந்து 2022இலும் மாணவருக்காகப் பணிகளை எழுதிக்கொடுக்கும் வணிகச் சேவைகளைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றின. அச்சட்டங்கள் சேவையை விற்பவரையே முதன்மையாகக் குறிவைக்கின்றன என்பது கவனிக்கத்தக்கது. வாங்கியவரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டியதில்லை; பட்டத்தை மீளப்பெறும் அதிகாரம் பல்கலைக்கழகத்திடமே உள்ளது, அதற்குப் பொதுவாகக் கால எல்லையும் இல்லை. ஜேர்மன் பாதுகாப்பு அமைச்சராயிருந்த குட்டன்பேர்க் பிறர் எழுத்தை ஒப்புக்கொள்ளாமல் எடுத்தாண்ட குற்றத்துக்காக 2011இல் பட்டத்தையும் பதவியையும் ஒருசேர இழந்தமை பலரும் அறிந்ததே. இந்தியாவின் சோத்கங்கா போன்ற களஞ்சியங்களில் ஆய்வேடுகள் இன்று எவரும் படிக்கத்தக்கனவாகத் திறந்து கிடக்கின்றன. நூலகத்தின் மேல்தட்டில் தூசு படிந்து கிடந்த காலத்துப் பாதுகாப்பு இனி எந்த ஆய்வேட்டுக்கும் இல்லை.

இவ்விடத்தில் மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடுவது நடுநிலையாகாது. மாதங்கள் கடந்தும் இயலைத் திருப்பித் தராதவரும், முறையியல் பற்றிய வினாவுக்கு முன்னைய ஆய்வேடு ஒன்றைப் பார்த்துக்கொள்ளுமாறு சொல்லி முடித்துக்கொள்பவரும், தாங்கக்கூடியதைவிடக் கூடுதலான மாணவரைப் பதிவுசெய்துகொள்பவரும், தம் மாணவரை ஆலோசகரின் வாசலுக்குத் தாமே அனுப்பிவைப்பவர்களாவர். பல்கலைக்கழகங்கள் புள்ளிவிபர ஆலோசனை, ஆய்வெழுத்துப் பயிற்சி ஆகியவற்றைத் தாமே நிறுவன முறையில், பகுதிநேர மாணவருக்கு வசதியான சனி, ஞாயிறு நாட்களில் வழங்குமாயின், வெளிச்சந்தையின் பெரும்பகுதி தானாகவே வற்றிவிடும். பேராதனை விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் 1975 முதலாக இயங்கிவருகிறது. சோதனை வடிவமைப்பில் பயிற்சி தரத்தக்க அறிஞர்கள் நாட்டில் இல்லையென்று சொல்வதற்கில்லை.

ஆலோசகரை அமர்த்தத் தீர்மானித்துவிட்ட ஆய்வாளர், அமர்த்துவதற்கு முன்பே மேற்பார்வையாளருக்கு எழுத்தில் அறிவித்து, எந்தப் பணிக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதை ஒரு பக்கத்தில் குறித்துக் கொடுப்பதே ஏனைய எல்லா எச்சரிக்கைகளிலும் முதன்மையானது. மேற்பார்வையாளரிடம் சொல்ல நாக்கூசும் உதவி எதுவோ, அது பெறத்தகாத உதவி. அடுத்ததாக, ஆலோசகர் தரும் எதுவும் கற்பித்தலின் வடிவில் வர வேண்டும்: அட்டவணையோடு அது பெறப்பட்ட படிமுறையும், திருத்திய பக்கத்தோடு திருத்தத்தின் சுவடுகளும் கைக்கு வர வேண்டும். ஆய்வாளர் தம் எழுத்தின் ஒவ்வொரு வரைவையும் திகதியிட்டுச் சேமித்து வைப்பாராயின், பின்னொரு காலத்தில் எழக்கூடிய ஐயத்துக்கு அதுவே விடையாகும். பட்டம் உறுதி, பிரசுரம் உறுதி, மேற்பார்வையாளரோடு பேசிச் சரிசெய்து தரப்படும் என்ற சொற்களை ஓர் ஆலோசகர் வாயிலிருந்து கேட்ட மாத்திரத்தில் எழுந்து வந்துவிடுவது நல்லது.

வாய்மொழிப் பரீட்சை, அதாவது சமர்ப்பித்த ஆய்வேட்டைப் பற்றிப் பரீட்சகர்கள் நேரில் வினவும் இறுதிக் கட்டம், இவை அனைத்தையும் சோதிக்கும் இடமாகும். இந்த மாதிரி அளவு ஏன், இந்த மேற்கோளின் முழுப்பகுதி என்ன சொல்கிறது, இந்த முதியவர் இதைச் சொன்னபோது அருகில் யார் இருந்தார் என்ற எளிய வினாக்கள் அங்கே கேட்கப்படும். களத்தில் நின்றவருக்கு இவை வினாக்களே அல்ல. வாங்கிய இயலோடு வந்தவருக்கு இவற்றுள் முதலாவதே கடக்க முடியாததாகும். அப்படியே கடந்துவிட்டாலும், பட்டம் பெற்றபின் தம் கீழ் ஆய்வு செய்ய வரும் மாணவருக்கு அவர் எதைக் கற்பிப்பார் என்ற வினா எஞ்சி நிற்கும். அவரும் தம் மாணவரை அதே ஆலோசகரிடம் அனுப்புவதைத் தவிர வேறு வழி அவருக்கு இராது.

ஒவ்வோர் ஆய்வேட்டின் தொடக்கத்திலும் இது என் சொந்த ஆக்கம், பிறரிடமிருந்து பெற்றவை உரியவாறு ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளன என்ற கருத்தமைந்த உறுதிமொழிப் பக்கம் ஒன்று உள்ளது. பலர் அதனைப் படிவத்திலிருந்து பிரதிபண்ணி, படியாமலே ஒப்பமிடுகின்றனர். இவ்வாண்டு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவிருக்கும் மாத்தளை மாவட்ட ஆய்வாளர்கள், ஆலோசகருக்கு அடுத்த கட்டணத்தைச் செலுத்துவதற்கு முன்னர் அந்தப் பக்கத்தை ஒருமுறை அவர் முன்னிலையில் உரக்கப் படித்துக் காட்டி, நன்றியுரையில் அவர் பெயரையும் அவர் செய்த பணியையும் அச்சிட அவருடைய சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுமாறும், அதற்கு இணங்க மறுப்பவரோடு அன்றே தொடர்பை முடித்துக்கொள்ளுமாறும் வேண்டப்படுகின்றனர்.